சிறை உணவைச் சரிபார்ப்பது எப்படி? கிடங்கிலிருந்து கடைசித் தட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சிறைக்குள் இருப்பவர், கொடுப்பதைத்தான் சாப்பிட முடியும். பசித்தால் கடைக்குப் போக வழியில்லை. சோறு புளித்துவிட்டது என்று தெரிந்தாலும் மாற்றித் தரச் சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வராது. ஒருவரை அடைத்து வைத்த நிர்வாகமே அவர் வயிற்றுக்கும் முழுப் பொறுப்பு. அந்தப் பொறுப்பு நிறைவேறுகிறதா என்று பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்: சிறைப் பார்வையாளர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், சமையற்கூடப் பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் அதிகாரிகள், உள்ளே உறவினரை வைத்துக்கொண்டு வெளியே தவிக்கும் குடும்பத்தினர்.

சுவரில் ஒட்டியிருக்கும் உணவுப் பட்டியலைப் படித்துவிட்டுத் திரும்புவதால் ஒன்றும் தெரியவராது. பட்டியல் எங்கும் நன்றாகத்தான் இருக்கும். கிடங்கிலிருந்து அண்டாவுக்கு, அண்டாவிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து உடம்புக்கு என்று உணவின் பின்னாலேயே நடந்து போனால்தான் எந்த இடத்தில் குறைகிறது என்பது பிடிபடும்.

படி 1: விதியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்

அந்தந்த நாட்டின் சிறை விதிகளில் உணவுப் பகுதியைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துணைக்கு இருப்பவை, ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள். அவற்றில் 22ஆம் விதிதான் அடிப்படை: உடல்நலத்துக்கும் வலுவுக்கும் போதுமான சத்துள்ள, தரமான, நன்றாகச் சமைத்துப் பரிமாறிய உணவை வழக்கமான நேரங்களில் நிர்வாகம் தர வேண்டும், குடிநீர் தேவைப்படும்போதெல்லாம் கிடைக்க வேண்டும். உணவின் அளவு, தரம், தயாரிப்பு, பரிமாறும் முறை ஆகியவற்றை மருத்துவரோ பொது சுகாதார அமைப்போ தவறாமல் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது 35ஆம் விதி. தண்டனையாக உணவையோ குடிநீரையோ குறைப்பதை 43ஆம் விதி தடை செய்கிறது. விசாரணைக் கைதிகள், ஒழுங்குக்குப் பங்கமில்லாத வரையில், தம் செலவில் வெளியிலிருந்து உணவு வரவழைத்துக்கொள்ள 114ஆம் விதி இடம் தருகிறது. பெண் கைதிகளுக்கு 2010இல் வந்த பாங்காக் விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் நினைவில் இருந்தால் பேச்சு நயமாகவே நடக்கும். விதியின் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்குப் பதிவேடு சீக்கிரம் திறக்கும்.

படி 2: இன்றைய தலைக்கணக்கைக் கேளுங்கள்

எல்லாக் கணக்கும் இதிலிருந்து தொடங்குகிறது. அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு எவ்வளவு, இன்று காலைக் கணக்கெடுப்பில் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் ஒதுக்கீடு எந்த எண்ணுக்கு வருகிறது என்று கேளுங்கள். 500 பேருக்கென்று வரும் பொருளில் 800 பேர் சாப்பிடும் சிறையில், யாருமே எதையும் திருடாவிட்டாலும் ஒவ்வொருவரும் அரைவயிற்றோடுதான் இருப்பார்கள்.

படி 3: படியளவைக் கலோரியாக மாற்றுங்கள்

ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தானியம், பருப்பு, எண்ணெய், காய்கறி என்று படியளவு எழுதப்பட்டிருக்கும். அதைக் கலோரியாக மாற்றச் சத்துணவு நிபுணர் தேவையில்லை. காய்ந்த தானியம் கிராமுக்கு 3.5, பருப்பு 3.4, எண்ணெய் 9, சாதாரணக் காய்கறி 0.3 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 450 கிராம் தானியம் 1,575. 80 கிராம் பருப்பு 272. 25 கிராம் எண்ணெய் 225. 250 கிராம் காய்கறி 75. ஆக மொத்தம் சுமார் 2,150 கிலோகலோரி. பேரிடர்க் காலங்களில் உணவு உதவி திட்டமிடுபவர்கள் ஒரு நபருக்குச் சராசரியாக வைக்கும் அளவு 2,100. அதில் 10 முதல் 12 சதவீதம் புரதத்திலிருந்தும், 17 சதவீதம் கொழுப்பிலிருந்தும் வர வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. நம் படியளவு மொத்தத்தில் தேறுகிறது, புரதத்திலும் தேறுகிறது. கொழுப்பில் தேறவில்லை. எண்ணெயையும் தானியத்தில் உள்ள சிறு கொழுப்பையும் சேர்த்தாலும் 13 சதவீதம்தான் வருகிறது; இன்னும் 10 கிராம் எண்ணெய் வேண்டும். ‘கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘தலைக்கு 10 கிராம் எண்ணெய் குறைகிறது’ என்று எழுதுவதற்கு எத்தனையோ மடங்கு வலு உண்டு.

2,100 என்பது எல்லா வயதினரையும் சேர்த்த சராசரி என்பதை மறக்க வேண்டாம். பெரும்பாலும் வயது வந்த ஆண்களே இருக்கும் சிறையில், அதிலும் உடலுழைப்பு வாங்கும் இடத்திலும் குளிர் கடுமையான இடத்திலும், அது போதாது.

கலோரி நிறைந்துவிட்டால் சத்து நிறைந்துவிட்டது என்றும் எண்ணக் கூடாது. இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே கைதிகளின் உடம்புதான். லண்டன் மில்பேங்க் சிறையில் 1822இல் உணவைக் குறைத்து, உருளைக்கிழங்கையும் நிறுத்தினார்கள். சில மாதங்களில் ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் சிறையெங்கும் பரவியது. பிற்பாடு அதே சிறையின் மருத்துவராக இருந்த வில்லியம் பேலி, உருளைக்கிழங்கு தரும் சிறைகளில் அந்த நோய் வருவதில்லை என்று 1843இல் எடுத்துக்காட்டினார். ஜாவா தீவில் டச்சு மருத்துவர் அடோல்ஃப் வோர்டர்மன் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளை ஆராய்ந்தார். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி போட்ட சிறைகளில், கால் வீங்கியும் மரத்தும் போகும் பெரிபெரி நோய் மிகுந்தும், தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் அரிதாகவும் இருந்ததை 1897இல் வெளியிட்டார். அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1915இல் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், விடுதலை தருவதாக வாக்களித்துச் சேர்த்த கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த உணவையே கொடுத்துவந்தார். 11 பேரில் 6 பேருக்குச் சில மாதங்களில், தோல் கருத்துத் தடிக்கும் பெலாக்ரா நோய் வந்தது. விடுதலைக்கு ஏங்குபவரை வைத்து அப்படிச் சோதித்தது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அந்த மூன்று பாடங்களையும் மறுபடி கைதிகள் மீதே படிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

ஆகவே பட்டியலில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒரே தானியம்தான் நாள் முழுவதும் வருகிறதா? பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, பால் இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் உண்டா? வெந்தே குழைந்துபோகாத காயோ பழமோ வாரத்தில் எத்தனை நாள்? உப்பு அயோடின் கலந்ததா? பழமும் காய்கறியும் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராம், உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இங்கிலாந்தில் 231 இளம் கைதிகளிடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. வைட்டமின், தாது உப்பு, கொழுப்பு அமில மாத்திரைகள் பெற்றவர்கள், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடச் சுமார் 26 சதவீதம் குறைவாகவே ஒழுங்கு மீறினார்கள். நிர்வாகத்தின் காதில் ஏறக்கூடிய செய்தி இது.

படி 4: கிடங்கில் எடை போடுங்கள்

எழுதியிருக்கும் படியளவு அண்டாவுக்குப் போகிறதா என்பதைக் கிடங்கில்தான் பார்க்க முடியும். 800 பேருக்குத் தலைக்கு 450 கிராம் என்றால் 360 கிலோ தானியம். 50 கிலோ மூட்டையில் ஏழு மூட்டையும் பத்துக் கிலோவும். இன்று எத்தனை மூட்டை அவிழ்த்தார்கள்? பதிவேட்டை மட்டும் பார்க்காமல், காலியான சாக்குகளை எண்ணுங்கள். ஆறு சாக்குதான் கிடக்கிறது என்றால் தலைக்கு 375 கிராம்தான் போயிருக்கிறது. ஒரு நாளில் ஒருவருக்கு 260 கிலோகலோரி காணாமல் போய்விட்டது.

தராசையும் நம்பிவிட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காலிப் புட்டியை முதலில் வைத்து எடை பாருங்கள். பிறகு சரியாக ஒரு லிட்டர் அளந்து ஊற்றி வையுங்கள். கூடிய எடை ஒரு கிலோ காட்டாத தராசில் போட்ட கணக்கெல்லாம் வீண். பிரிக்காத மூட்டை ஒன்றையும் ஏற்றிப் பார்ப்பது நல்லது. காய்கறியைப் பொறுத்தவரை, தோலும் அழுகலும் நீக்கிய பிறகு இருக்கும் எடையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். புழு, பூஞ்சை, எலிப் புழுக்கை, காலாவதித் தேதி இவற்றைப் பார்ப்பதற்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டைகள் தரையைத் தொடாமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி இருக்கின்றனவா என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

படி 5: தண்ணீரும் விறகும்

குடிநீர்க் குழாய் அறைக்குள் இருக்கிறதா, அடைப்பு நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். இரவு முழுவதற்கும் ஒரு வாளி என்றால் 22ஆம் விதி மீறப்படுகிறது. எரிபொருளைப் பலர் கேட்பதே இல்லை. விறகோ எரிவாயுவோ பற்றாத இடத்தில் பருப்பு வேகாது. வேகாத பருப்பைத் தின்றவருக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம். தானிய ஒதுக்கீடு கூடும்போது எரிபொருள் ஒதுக்கீடும் கூடியதா என்பதைப் பதிவேட்டில் பாருங்கள்.

படி 6: சமையற்கூடம்

சமைப்பவர்களும் பெரும்பாலும் கைதிகளே. அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்ததா, சோப்பு இருக்கிறதா, கழிப்பறைக்குப் பக்கத்தில் கை கழுவ இடம் உண்டா, பச்சை இறைச்சியை வெட்டிய கத்தி கழுவாமலே காய்க்குப் போகிறதா என்று பாருங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவரை, அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை உணவைத் தொடவிடக் கூடாது. அப்படி விலகி நிற்பவருக்குக் கூலியோ சலுகையோ பறிபோகும் என்றால் அவர் நோயை மறைத்துவிடுவார். எனவே விலகி இருக்கும் நாளுக்கும் கூலி உண்டா என்று கேட்பது சுகாதாரக் கேள்விதான்.

பெரிய அண்டாச் சமையலுக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி பெருகும். அமெரிக்காவில் 1998 முதல் 2014 வரையிலான உணவுவழி நோய்ப் பரவல்களை ஆராய்ந்தபோது, வெளியில் இருப்பவர்களைவிடக் கைதிகள் அவற்றால் பாதிக்கப்பட்ட விகிதம் ஆறு மடங்குக்கும் மேல் இருந்தது. அடிக்கடி கண்டறியப்பட்ட கிருமி இதுதான். ஓர் உணவு வெப்பமானியைக் கையோடு கொண்டுபோங்கள். வேகும்போது நடுவில் 70 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். பரிமாறும் வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. மீந்ததை அண்டாவோடு மூடிவைத்து மறுநாள் சூடாக்கித் தருவது வழக்கம் என்றால், அதை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 7: கடைசித் தட்டு

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சமையற்கூடத்திலிருந்து கிளம்பும் வண்டியுடன் நடந்து போங்கள். எங்கெல்லாம் நிற்கிறது, யார் மூடியைத் திறக்கிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு பரிமாறுகிறவரின் கையையே பாருங்கள். கரண்டி மேலாக மிதந்து போனால் தண்ணீர் வரும். அடிவரை இறங்கிக் கிளறி எழுந்தால் பருப்பு வரும். ஒருவருக்கு மேலாகவும் இன்னொருவருக்கு அடியிலிருந்தும் எடுக்கும் அந்த மணிக்கட்டின் சிறு அசைவில் அந்தச் சிறையின் அதிகார வரிசை முழுவதும் தெரிந்துவிடும். பணம் இருப்பவர், கோஷ்டி இருப்பவர், அதிகாரிக்கு வேண்டியவர் ஆகியோருக்குக் கெட்டி. வயதானவர், மொழி தெரியாதவர், மனநோயாளி, புதிதாக வந்தவர் ஆகியோருக்குத் தெளிவு.

வரிசையில் முதல் தட்டு, நடுத் தட்டு, கடைசித் தட்டு மூன்றையும் எடை போடுங்கள். 450 கிராம் படியை மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 150 கிராம். அரிசியானால் வெந்தபின் இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகும். தட்டில் 375 முதல் 450 கிராம் சோறு இருக்க வேண்டும். முதல் தட்டில் 430, கடைசித் தட்டில் 240 என்று வந்தால், குறை கிடங்கில் இல்லை என்பது தெளிவு. கிளறியபடி பரிமாறுவது, அளவு குறித்த கரண்டி, ஒவ்வொரு நாளும் வேறு அறையிலிருந்து வரிசையைத் தொடங்குவது, கைதிகளே சுழற்சி முறையில் மேற்பார்வை செய்வது ஆகிய நான்குக்கும் ஏறக்குறையச் செலவே கிடையாது.

கடைசித் தட்டு வாங்கியவருடைய உணவை நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள். பார்வையாளருக்கென்று தனியாக எடுத்துவைக்கும் மாதிரித் தட்டைச் சாப்பிட்டுப் பயனில்லை. ஆனால் அந்த ஒரு வாய் அவருடைய பங்கிலிருந்து போகக் கூடாது. அண்டாவிலிருந்து அவருக்கு வேறு தட்டு வந்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கடிகாரத்தைப் பாருங்கள்

மாலை நான்கு மணிக்கே இரவுச் சாப்பாட்டைக் கொடுத்து அடைத்துவிட்டு, மறுநாள் ஏழு மணிக்குக் காலை உணவு தரும் சிறைகள் பல. இடைவெளி 15 மணி நேரம். மாலை உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சிறைத் தரநிலைகளில் உள்ள வரம்பு. ஐரோப்பியச் சிறை விதிகள் நியாயமான இடைவெளியில் நாளுக்கு மூன்று வேளை என்கின்றன. நீதிமன்றத்துக்குப் போகும் நாள்தான் பெரும்பாலும் பட்டினி நாள். காலை உணவுக்கு முன் கிளம்பி, இரவு உணவு முடிந்து திரும்புபவருக்குப் பொட்டலம் கொடுக்கிறார்களா, திரும்பியதும் எடுத்துவைத்த சாப்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் புதிதாக வந்து சேர்பவருக்கும் இதே கேள்வி.

படி 9: தனி உணவு தேவைப்படுவோர்

நீரிழிவுக்காரரிடமிருந்து தொடங்குங்கள், உயிருக்கு உடனடி ஆபத்து அங்கேதான். இன்சுலின் ஊசி ஒரு மணிக்கு, சாப்பாட்டு வண்டி இரண்டரைக்கு என்றால் அந்த இடைவெளியில் அவர் மயங்கி விழக்கூடும். ஊசி போடும் நேரமும் வண்டி வரும் நேரமும் ஒரே தாளில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், உடனிருக்கும் குழந்தைகள் ஆகியோருக்குப் போதுமான உணவு, உரிய நேரத்தில், இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பாங்காக் விதிகளின் 48ஆம் விதி. குழந்தையின் பங்கு தாயின் தட்டிலிருந்து பிரிக்கப்படுகிறதா, தனியாக வருகிறதா என்று தாயிடமே கேளுங்கள். பல் இல்லாத முதியவர்கள், காசநோய்க்கு மருந்து உண்பவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள், சமய நம்பிக்கையால் சில உணவை விலக்குபவர்கள் ஆகியோரின் பட்டியல் சமையற்காரர் கையில் இருக்க வேண்டும். மருத்துவமனைக் கோப்புக்குள் மட்டும் இருந்தால் அதனால் யாருக்கும் சோறு வராது.

படி 10: கேன்டீனும் வீட்டுச் சாப்பாடும்

இரண்டும் கூடுதலாக இருக்கலாம். சிறை உணவுக்கு மாற்றாகிவிடக் கூடாது. ‘அதுதான் வீட்டிலிருந்து வருகிறதே’ என்ற பதில் எழுந்த இடத்தில் வீடில்லாதவரின் நிலையை விசாரியுங்கள். கேன்டீன் விலையை வெளி விலையோடு ஒப்பிடுங்கள். குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை: எதை அனுமதிப்பார்கள் என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் கெடாததை, நன்றாக ஆறிய பிறகு கட்டுங்கள், கொடுத்ததன் பட்டியல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, அடுத்த சந்திப்பில் அவை முழுதாகச் சேர்ந்தனவா என்று கேளுங்கள்.

படி 11: தனிமை அறையும் உண்ணாவிரதமும்

தண்டனை அறைக்குக் கட்டாயம் போங்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலச் சிறைகளில் இறைச்சி, உருளைக்கிழங்கு, முட்டை, காய்கறி எல்லாவற்றையும் பிசைந்து சுட்ட ஒரு கட்டியைத் தனிமை அறைக் கைதிகளுக்குத் தந்தார்கள். நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரிகூட இல்லை. 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அது பேசப்பட்டது. பசியைத் தண்டனைக் கருவியாக்கும் ஆசை எங்கும் எழக்கூடியது. பொது அறைத் தட்டையும் தனிமை அறைத் தட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஒருவர் உண்ணாவிரதம் இருந்தால் காரணம், தொடங்கிய தேதி, தண்ணீர் குடிக்கிறாரா, தினசரி எடை ஆகியவை பதிவாக வேண்டும். தெளிந்த மனத்தோடு உணவை மறுப்பவருக்கு வலுக்கட்டாயமாக ஊட்டக் கூடாது என்பது உலக மருத்துவச் சங்கம் 1991இல் மால்டாவில் ஏற்ற பிரகடனத்தின் நிலைப்பாடு. அவர் விரதத்தை முடிக்கும்போது ஒரே மூச்சில் வயிறு நிறைய கொடுப்பது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

படி 12: எடைப் பதிவேடு

உணவின் உண்மையான கணக்கு உடம்பில் இருக்கிறது. சேரும் நாளில் ஒவ்வொருவருடைய எடையும் உயரமும் எடுக்கப்பட வேண்டும், பிறகு மாதந்தோறும் எடை. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தவர் மருத்துவர் முன் நிற்க வேண்டும். எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது 18.5க்குக் கீழே இருந்தால் அவர் மெலிந்தவர். பலருக்கு ஒரே சமயத்தில் கால் வீக்கம், பாத மரமரப்பு, ஈறில் இரத்தம், வாயோரப் புண், வெயில் படும் தோலில் இருபுறமும் ஒரே மாதிரி கருத்துத் தடிப்பு என்று வந்தால், 3ஆம் படிக்குத் திரும்பிப் போய்ப் படியளவை மீண்டும் பாருங்கள்.

படி 13: எழுதிக் கொடுங்கள், மறுபடி போங்கள்

அறிக்கையில் பெயரடைகள் வேண்டாம். ‘மோசமான உணவு’ என்று எழுதினால் ‘நல்ல உணவு’ என்று பதில் வரும். தேதி, நேரம், தலைக்கணக்கு, மூட்டை எண்ணிக்கை, மூன்று தட்டுகளின் எடை, வெப்பமானி காட்டிய அளவு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு குறைக்கும் எதிரில் யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று ஒரு கட்டம் விடுங்கள். இன்றே முடியக்கூடியவற்றை முதலில் வையுங்கள்: கிளறிப் பரிமாறுவது, நீதிமன்றப் பொட்டலம், இன்சுலின் நேரம்.

உங்களிடம் பேசிய கைதிகளின் பெயர் அறிக்கையில் வர வேண்டாம். ஒருவரை மட்டும் தனியே அழைத்துப் பேசாமல் பலரிடம், வெவ்வேறு அறைகளில், ஒரே கேள்விகளைக் கேளுங்கள். அப்போது சொன்னவர் யாரென்று கண்டுபிடிப்பது கடினம். புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று மண்டேலா விதிகளின் 57ஆம் விதி சொல்கிறது. அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல், வேறு கிழமையில், வேறு வேளைக்குப் போங்கள். போனதும், வண்டி கிளம்புவதற்கு முன்பே, சென்ற முறை பேசியவர்கள் அதே அறையில் இருக்கிறார்களா, மாற்றப்பட்டிருந்தால் ஏன், அவர்களுடைய எடை இப்போது எவ்வளவு என்று பதிவேட்டில் பாருங்கள்.